காப்புப் பட்டியலில் உன் மகன்

அன்புள்ள மச்சான் முனுசாமிக்கு,

நான்தான், ஏகாம்பரம். இதை யாரையும் வைத்து எழுதவில்லை, என் கையாலேயே எழுதுகிறேன். நீ நம்பமாட்டாய். நானே இடையிடையே நோட்டைத் தள்ளி வைத்து, இது என் எழுத்துதானா என்று பார்த்துக்கொள்கிறேன். ஒரு பக்கம் எழுத ஒரு பகல் ஆகிறது. நடுவில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து மறுபடி உட்காருகிறேன்.

நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. படிப்பு முடிந்தவர்கள் ஆளுக்கொரு கடிதம் எழுதவேண்டும் என்று வாத்தியாரம்மா சொன்னாள். மற்றவர்கள் எல்லாம் கலெக்டருக்கு எழுதினார்கள். ரோடு வேண்டும், தெருவிளக்கு வேண்டும், சுங்குவார்சத்திரத்தோடு திரும்பிப் போகிற பஸ் ஊருக்குள்ளும் வரவேண்டும். கலெக்டரை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தவன், நான் சொல்லவேண்டியது மிச்சம் இருப்பவன் நீ ஒருவன்தான். செத்துப்போனவருக்கு எழுதலாமா என்று கேட்டேன். வாத்தியாரம்மா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எழுதுங்க மாமா. ஆனா எல்லார் முன்னாலயும் நின்னு படிக்கணும்" என்றாள்.

அந்த வாத்தியாரம்மா யார் தெரியுமா? உன் மகள் செல்வி.

ஆமாம் மச்சான். நாலு வருடம் முன்பு, நீ போகும்போது தலைமாட்டில் விசிறிக்கொண்டு நின்றாளே, அவள்தான். பத்தாவது பாஸ் பண்ணிவிட்டாள். சாயங்காலமானால் சாக்பீஸை எடுத்துக்கொண்டு எங்கள் முன்னால் நிற்கிறாள். என் எழுத்துகள் கோட்டின் மேல் நிற்பதில்லையாம், சாய்ந்து படுத்துக்கொள்கின்றனவாம். வயதானால் படுக்காமல் என்ன செய்யும் என்று கேட்டேன். சிரிக்காமல் மறுபடி எழுதச் சொல்லிவிட்டாள். உன் பிடிவாதம் அப்படியே இருக்கிறது.

ஆனால் இந்தக் கடிதம் அவளைப் பற்றி இல்லை. உன் மகன் சேகரைப் பற்றி.

உனக்குப் பிறகு அவன் எப்படி வளர்ந்தான் என்று உனக்குத் தெரியாது. நீ இருந்தபோது எப்படி வளர்ந்தான் என்பதும் உனக்குச் சரியாகத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். கோபப்படாதே. குடித்துவிட்டு வந்து பெல்ட்டால் அடித்தாய். எட்டாவதோடு படிப்பை விட்டான். ஊரில் யாரும் அவனைச் சேகர் என்று கூப்பிட்டதில்லை. ஐந்து வயதிலேயே அவன் பெயர் வெட்டு முனுசாமி மகன். தெருவில் பையன்கள் பம்பரத்துக்குச் சண்டை போட்டால்கூட, "வெட்டு முனுசாமி மவன் இன்னா பண்றான் பாரு" என்று பெரியவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். நானும் பார்த்திருக்கிறேன்.

பதினேழு வயதில் சாராயக் கடைப் பக்கம் திரிகிற பையன்கள் அவனை இரண்டு முறை கூட்டிக்கொண்டு போனார்கள். அடிக்க வேண்டாம், சும்மா பின்னால் நின்றால் போதும், உன் அப்பன் பெயரைக் கேட்டாலே எதிராளி ஓடிவிடுவான் என்றார்களாம். யோசித்துப் பார், மச்சான். நீ மண்ணுக்குள் போன பிறகும் உன் பெயரை ஆயுதமாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அவன் கெட்டுப்போக எல்லாம் தயாராகத்தான் இருந்தது. ஆனால் அவன் கெட்டுப்போகவில்லை. ஏன் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். உன் பெண்சாதி அஞ்சலை, எவ்வளவு கோபம் வந்தாலும், "உங்க அப்பன் மாதிரியே கீற" என்று அவனை ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த ஒரு வார்த்தையை அவள் எப்படி விழுங்கினாளோ. செல்வி ஒருத்தி, அண்ணன் வராமல் சோற்றில் கை வைக்கமாட்டாள். அப்புறம், நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டிகளுக்கு ஸ்பிரிங் செய்கிற கம்பெனி ஒன்று வந்தது. அதில் டிரெய்னியாகச் சேர்ந்தான். அங்கே ஒரு சூப்பர்வைசர் அவன் வேலையைப் பார்த்துவிட்டு, உன் கை நிதானமான கை என்று சொல்லியிருக்கிறார். எங்கோ திருநெல்வேலிப் பக்கத்து ஆள். அவருக்கு உன்னைத் தெரியாது. அவன் கையைப் பற்றி ஒருவர் நல்லதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அன்று வீட்டுக்கு வந்து செல்வியிடம் நாலு முறை அதையே சொன்னானாம்.

இந்த ஆடி மாதம் நடந்ததைச் சொல்கிறேன். இந்த வருடம் வைகாசியில் பக்கத்து ஊரில் குண்டு வெடித்துப் பெரிய தலைவர் ஒருவர் செத்ததிலிருந்து நம் பக்கம் போலீஸ் நடமாட்டம் அதிகம். சின்ன அடிதடி என்றாலும் ஸ்டேஷனில் பெயர் ஏறிவிடும். டிரெய்னி மேல் ஒரு கேஸ் என்றால் கம்பெனி அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிடும். அது சேகருக்கும் தெரியும், எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

எல்லையம்மன் கோயில் தீமிதிக்குச் சேகர் காப்பு கட்டிக்கொண்டான். நீ ஒரு வருடம்கூடக் கட்டிக்கொண்டதில்லை. பத்து நாள் சும்மா இருக்க என்னால் முடியாது என்பாய். மஞ்சள் கயிறு கையில் ஏறிவிட்டால் யாரையும் அடிக்கக்கூடாது, கெட்ட வார்த்தை பேசக்கூடாது, விளக்கு வைப்பதற்குள் ஊர் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். காப்பு கட்டியவனை அடிப்பதும் குற்றம். சேகர் முதல் ஷிப்ட் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வேலைக்குப் போய் வந்தான். கயிற்றில் எண்ணெய்க் கறை படக்கூடாது என்று கம்பெனி யூனிஃபார்மின் முழுக்கையை மணிக்கட்டுவரை இழுத்துப் பொத்தான் போட்டுக்கொள்வான்.

ஏழாம் நாள் ஷிப்ட் முடிந்து சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் டீ குடித்துக்கொண்டிருந்தான். அங்கே பாஸ்கர் வந்தான். ஏரிக்கு அக்கரை ஊர் ராஜவேலுவின் மகன். எந்த ராஜவேலு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் அரிவாளில் வலது கையின் மூன்று விரல்களைக் கொடுத்தவன். அந்தப் பாஸ்கர் விவரம் தெரிந்த நாள் முதல் தன் அப்பனுக்குச் சோறு பிசைந்து கொடுத்து வளர்ந்தவன். உன் வீட்டில் ஒருவன் உன் பெயரைச் சுமந்து வளர்ந்தான். அந்த வீட்டில் ஒருவன் உன் வெட்டைச் சுமந்து வளர்ந்தான். இரண்டு பேருக்கும் வயது பத்தொன்பது.

"மூணு வெரலு எடுத்தவன் மவன், குந்திக்கினு ஜாலியா டீ குடிக்கிறான் பாரு" என்றானாம். சேகர் கிளாஸைக் கீழே வைத்தான். அவ்வளவுதான், கன்னத்தில் விழுந்தது அறை. கடையே பார்த்தது. சேகர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். பிறகு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறி வந்துவிட்டான்.

இனிமேல் எழுதப்போவது எனக்குக் கஷ்டமானது. என் கை இன்னும் மெதுவாகப் போகிறது.

சேதி அவனுக்கு முன்னால் ஊருக்கு வந்துவிட்டது. நம் டீக்கடையில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "முனுசாமி இருந்திருந்தா இந்நேரம் அக்கர ஊர்ல ஒருத்தனுக்குக் கை இருந்திருக்காது" என்றேன். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. "காப்பு அவுக்கட்டும், அப்புறம் கீது கச்சேரி" என்று ஒருவன் சொன்னான். திரும்பிப் பார்த்தால், பக்கத்துச் சைக்கிள் கடையில் டயருக்குக் காற்றடித்துக்கொண்டு சேகர் நின்றான். என்னை ஒரு பார்வை பார்த்தான். சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

மறுநாள் சாயங்காலம் தங்கையை அழைத்துப் போக வகுப்புக்கு வந்தான். நான் மெல்ல வெளியே போய், கோபமா என்று கேட்டேன்.

"மாமா, ஒண்ணு சொல்றேன் கேளுங்க" என்றான். "இந்த ஏழு நாளா எங்கிட்ட யாருமே, நீ முனுசாமி மவனாச்சே, இன்னா பண்ணப் போறன்னு கேக்கல. சாமிக்குக் கட்டுப்பட்டவன்னு வுட்டுட்டாங்க. பொறந்ததுலேந்து இப்பதான் நான் சும்மா இருந்தேன். நல்லா இருந்திச்சி மாமா. நேத்து நீங்கதான் மறுபடியும் ஆரம்பிச்சீங்க."

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு மறுபடி சொன்னான்:

"மூணு நாளு கழிச்சி கயித்த அவுத்துட்டு, என்னத் தூக்கி உங்க கையில குடுத்துடுவாங்க."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. நீயும் நானும் ஏரிக்குள் நின்ற நாள் வந்து கண் முன்னால் நின்றது. ஏரி வற்றி, இரண்டு ஊரும் சேற்றில் இறங்கி மீன் பிடித்த நாள். ஒரு விரால் மீன், தொடைப் பருமன். நீ தலையைப் பிடித்தாய், ராஜவேலு வாலைப் பிடித்தான். விடு நீ, விடு நீ என்று ஆரம்பித்தது. நீ விட்டுவிடத்தான் பார்த்தாய், மச்சான். உன் கை தளர்ந்ததை நான் பார்த்தேன். பின்னால் நின்று, "வுடாத மச்சான், மானம் பூடும்" என்று கத்தியது யார்? சாகிறவரை நீ ஒரு முறைகூட என்னிடம் அதைக் கேட்கவில்லை. மறந்துவிட்டாயா? இல்லை, நான் வருத்தப்படுவேன் என்று விட்டுவிட்டாயா?

நீ ஜெயிலுக்குப் போனாய். நான் வீட்டுக்கு வந்து சோறு தின்றேன். அரிவாள் உன் கையில் இருந்தது, அதனால் உனக்குப் பெயர் வெட்டு முனுசாமி. என் வாய்க்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

காப்பு அவிழ்க்கிற காலை. தீமிதிக்கு வந்த கூட்டத்தைவிட அதிகக் கூட்டம். எதற்கு வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். பூசாரி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, கயிற்றை அவிழ்த்துக் குடத்துத் தண்ணீரில் போடவேண்டும். பட்டியல் படிக்கிற பள்ளிக்கூட வாத்தியார் அன்று ஊரில் இல்லை. பூசாரிக்குக் கண்ணில் புரை. பட்டியல் எழுதிய தர்மகர்த்தா மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். யார் படிப்பது என்று தேடினார்கள். கூட்டத்திலிருந்து செல்வியின் குரல்: "ஏகாம்பரம் மாமா படிப்பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் போனேன். போகாமல் இருப்பேனா?

நாற்பத்தொரு பெயர். எப்படிப் படித்தேன் என்று கேள். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து, வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்து, பிறகு சத்தமாக. ஐந்து பெயர் படிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. "பெருசு முடிக்கறதுக்குள்ள அடுத்த ஆடி வந்துடும்" என்று ஒருவன் சொன்னான். பத்துப் பெயரில் கூட்டம் நிழல் தேடிப் போனது. பதினைந்தில் பாதிப் பேர் உட்கார்ந்துவிட்டார்கள். சண்டை பார்க்க வந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். நான் அவசரப்படவில்லை. வாழ்நாளில் முதல் முறை ஊருக்கு முன்னால் படிக்கிறேன், எதற்கு அவசரம்?

பத்தொன்பதாவது பெயர் வந்தது. கோயில் தர்மகர்த்தா தன் கையால் எழுதியிருந்தார்: வெட்டு முனுசாமி மகன். அவ்வளவுதான், பெயரே இல்லை. நான் அதை இரண்டு முறை வாய்க்குள் படித்தேன். பிறகு சத்தமாகப் படித்தேன்: "செல்வி அண்ணன் சேகர்."

"அப்பிடி எழுதலியே" என்றார் தர்மகர்த்தா.

"எனக்கு இப்பிடித்தான் படிக்க வருது" என்றேன்.

கொஞ்சம் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்கும்வரை நின்றேன். பிறகு சொன்னேன்: "ஏழாம் நாளு டீக்கடையில நான் ஒரு பேச்சு பேசுனேன். அது தப்பு. அத வாபஸ் வாங்கிக்கிறேன்." சேகர் வந்து பூசாரியிடம் கையை நீட்டினான். கயிறு அவிழ்ந்தது. என்னைப் பார்க்கவில்லை. ஆனால் போகும்போது என் தோளில் கிடந்த துண்டு நழுவியதை எடுத்து மேலே போட்டுவிட்டுப் போனான்.

அன்று அவனுக்கு இரண்டாம் ஷிப்ட். நான் கடைசிப் பெயரைப் படித்து முடித்தபோது அவன் யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்பிவிட்டான். அப்போதுதான் ஒருவன் ஓடிவந்தான். எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் பாஸ்கர் நிற்கிறான், கூட நாலு பேர். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். எனக்கு மூட்டுவலி, உனக்குத் தெரியும். ஓடினேன், மச்சான். பட்டியல் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது சேகர் சைக்கிளை விட்டு இறங்கி நின்றான். கல்லுக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் பாஸ்கர். பாஸ்கரின் முகம் வெளுத்திருந்தது. பயந்தது யார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"நீ காப்பு கட்டிக்கினு இருந்தது எனக்குத் தெரியாது" என்றான் பாஸ்கர். "சட்டக் கை மூடிக்கினு இருந்திச்சி."

"தெரிஞ்சிருந்தா?"

"அடிச்சிருக்க மாட்டேன்."

சேகர் கைப் பொத்தானைக் கழற்றி, சட்டையை மேலே ஏற்றிக் காட்டினான். பத்து நாள் கயிறு இருந்த இடத்தில் மஞ்சள் படிந்திருந்தது.

"இப்ப இல்ல" என்றான். "அடிக்கிறதுன்னா இப்ப அடி. நான் திருப்பி அடிக்கப் போறதில்ல. சீக்கிரம் சொல்லு, பஸ் ஸ்டாப்புல கம்பெனி வேன் பூடும்."

பாஸ்கர் அந்தக் கையையே பார்த்தான். பிறகு வழி விட்டான். சேகர் ஏறிப் போய்விட்டான். கொஞ்ச தூரம் போய், பின்னால் திரும்பாமலே மணி அடித்தான். எதிரில் யாரும் இல்லை. எதற்கு அடித்தான் என்று இன்னும் யோசிக்கிறேன்.

வேப்பமரத்துக்குப் பின்னாலிருந்து பாஸ்கரின் அம்மா வந்தாள். தலையில் கூழ்ப் பானை. காப்பு கட்டிய பிள்ளையை என் மகன் தொட்டுவிட்டான், உங்கள் அம்மனுக்குக் கூழ் ஊற்ற வேண்டும் என்று கும்பிட்டாள். அந்த நாலு பேர் சண்டைக்கு வரவில்லை, நம் ஊர்க்காரர்கள் அடித்துவிடுவார்கள் என்று துணைக்கு வந்தவர்கள். யாரும் அசையவில்லை. அஞ்சலைதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பானைக்குக் கை கொடுத்தாள். "வெயில்ல எவ்ளோ நேரமா நிக்கிற, வா" என்றாள்.

"அவ்ளோதானா?" என்று எனக்குப் பின்னால் ஒருவன் ஏமாந்து போய்க் கேட்டான். அவ்வளவுதான். நம் ஊரில் இதைவிடப் பெரிய காரியம் நடந்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் ஒரு நாள் சேகரிடம் கேட்டேன், எப்படியடா நின்றாய் என்று. "பத்து நாளு அடிக்காம இருந்தாச்சி மாமா" என்றான். " பதினோராவது நாளும் முடியுதான்னு பாத்தேன், முடிஞ்சிச்சி." பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே சொன்னான். போன மாதம் அவனைப் பர்மனென்ட் ஆக்கிவிட்டார்கள். அந்தக் காகிதத்தை என்னிடம் கொண்டுவந்து கொடுத்து, "படிங்க மாமா" என்றான். படித்தேன். அதில் அவன் பெயர் மட்டும்தான் இருந்தது, மு. சேகர் என்று. நீ அதில் ஒரே ஒரு எழுத்தாக இருக்கிறாய். அது உனக்குப் போதும், மச்சான். நல்ல இடத்தில்தான் இருக்கிறாய்.

அவனும் பாஸ்கரும் சிநேகிதர்கள் ஆகிவிட்டார்கள் என்று எழுத ஆசை. ஆகவில்லை. பஸ் ஸ்டாப்பில் பார்த்தால் தலையை ஆட்டிக்கொள்கிறார்கள்.

நான் அக்கரை ஊருக்குப் போய் ராஜவேலுவைப் பார்த்தேன். முப்பது வருடத்துக்குப் பிறகு முதல் தடவை. அன்று பின்னால் நின்று கத்தியது நான்தான் என்று சொன்னேன். அவன் இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு கேட்டான்: "அது கெடக்குது. அந்த மீனு இன்னா ஆச்சி?"

எனக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரியவில்லை. நீ அரிவாளோடு நின்றாய், அவன் சேற்றில் விழுந்தான், நான் கத்திக்கொண்டிருந்தேன். அந்த விராலை யார் எடுத்துக்கொண்டு போனார்கள்? உனக்காவது தெரியுமா? நாங்கள் இரண்டு கிழவர்களும் அன்று பகல் முழுக்க அதையே பேசினோம். சிரித்தோம் என்றுகூடச் சொல்லலாம். அவன் மகன் சோறு பிசைந்து கொண்டுவந்தான். எனக்கும் ஒரு தட்டு வைத்தான்.

கடைசிப் பக்கம் வந்துவிட்டது. நீ சாகும்போது என் கையைப் பிடித்து, பையனைப் பார்த்துக்கொள் என்றாய். நான் பார்த்துக்கொள்ளவில்லை. அவன்தான் தன்னைப் பார்த்துக்கொண்டான், உன் பெண்சாதியும் மகளும் பார்த்துக்கொண்டார்கள். நான் செய்தது ஒரு பெயரை மெதுவாகப் படித்தது மட்டும்தான். அதனால் இப்போது உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வருகிற ஆடியில் நானும் காப்பு கட்டிக்கொள்ளப் போகிறேன். இந்த வயதில் யாரை அடிக்கப் போகிறாய் என்று பூசாரி கேட்பார். கைக்கு இல்லை சாமி, வாய்க்கு என்று சொல்வேன். பத்து நாள் முடிந்ததும் பூசாரி கயிற்றை அவிழ்த்துக் குடத்தில் போட்டுவிடுவார். என் வாய்க்குக் கட்டியதை மட்டும் நான் அவிழ்க்கமாட்டேன்.

இதை நாளை சாயங்காலம் வகுப்பில் நின்று படிக்கப் போகிறேன். தங்கையை அழைத்துப் போகச் சேகர் வந்து ஜன்னலுக்கு வெளியே நிற்பான். அவனுக்குக் கேட்கிற மாதிரி படிப்பேன்.

கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடும்
உன் மச்சான்,
ஏகாம்பரம்
ஐப்பசி, 1991